நாலு மாத்திரை மட்டும்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் மருந்துக் கடையில் கத்தரிக்கோலுக்கு ஓய்வு கிடையாது. அன்றைக்குத்தான் பீடிக் கூலி கைக்கு வரும். முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கத்திலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வந்து இறங்கும் பெண்கள் முதலில் மளிகைக் கடைக்குப் போவார்கள். பிறகு பிள்ளைகளுக்குப் பலகாரம். மருந்துக் கடை கடைசியில்தான். அதற்குள் கையில் மிஞ்சியிருப்பது நூறோ நூற்றைம்பதோ. மருந்துச் சீட்டை யாரும் நீட்டுவதில்லை. சுருக்குப் பையிலிருந்து மடித்து வைத்த வெள்ளித்தாள் துண்டு ஒன்றை எடுத்து, மேசைமேல் வைத்து விரலால் தடவி நிமிர்த்திக் காட்டுவார்கள்.

"இதே மாத்திரையில் நாலு மட்டும் கொடு தாயி."

அந்தத் துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். மீதிப் பாதி போன வாரமே குப்பைக்குப் போயிருக்கும். அட்டையின் நிறத்தையும் ஓரத்துக் கோட்டையும் பார்த்தே எந்த மாத்திரை என்று கண்டுபிடித்துவிடுவேன். பதினான்கு வருஷப் பழக்கம். காலாவதித் தேதி அச்சடித்த ஓரத்தைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஆகவே தேதி கடையில் இருக்கும், மாத்திரை அவர்கள் வீட்டுக்குப் போகும்.

நாலு என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அடுத்த கூலி அடுத்த சனிக்கிழமை. நடுவில் ஏழு நாள். தினம் ஒன்று போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் வாரத்துக்கு நாலு போதும். டாக்டர் எழுதிய அளவு ஒன்று, சுருக்குப் பை எழுதும் அளவு இன்னொன்று. உடம்புக்குள் போவது இரண்டாவதுதான்.

இதை நான் கடையில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. என் வீட்டிலேயே இது நடந்தது.

எங்கள் ஊர் வீரவநல்லூர். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா பீடி சுற்றித்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தார். மடியில் சுளவு என்கிற முறம், அதில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை, அளவுத் தகடு, சின்னக் கத்தரி. விடிகாலையில் உட்கார்ந்தால் இரவு வரைக்கும் அந்தக் கத்தரியின் சத்தம் திண்ணையில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே கத்தரிதான் எங்களுக்கு நகம் வெட்டியது, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை வெட்டியது.

2009-ஆம் வருஷம் நான் டி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியில் விடுதி. அம்மாவுக்கு அப்போதே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டி, அம்லோடிபினும் அட்டெனலாலும் சேர்ந்த மாத்திரை ஒன்றும் மெட்ஃபார்மின் ஒன்றும் சாப்பிட்டு வந்தார். மாதம் இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகும். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "மாத்திரை போடுகிறீர்களா அம்மா?" என்று கேட்பேன். "போடாமல் இருப்பேனா?" என்பார். அந்தப் பதிலில் பொய் இல்லை. போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை சுளவை மடியில் வைத்தபடியே சாய்ந்துவிட்டார். இடது கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வேன் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் கல்லூரியிலிருந்து ஓடினேன். பக்கவாதம். லேசானது என்று சொன்னார்கள். டாக்டர் குனிந்து, "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினார். கேஸ் சீட்டில் அப்படியே எழுதினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே மாத்திரைகள், எல்லாமே பாதிகள். பிறைநிலா மாதிரி வெட்டிய வெள்ளைத் துண்டுகள், வெட்டிய இடத்தில் பொடி உதிர்ந்து பாட்டிலின் அடியில் மாவு போலக் கிடந்தது. பீடிக் கத்தரியால் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, தினம் ஒரு பாதியைப் போட்டுக்கொண்டு, மறு பாதியை அடுத்த மாதத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு மாத மருந்து இரண்டு மாதம் வந்திருக்கிறது. சில நாள் அந்தப் பாதியையும் போடவில்லை என்பதைப் பிறகு அவரே சொன்னார். மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. விடுதிக் கட்டணம் எந்த மாதமும் தவறியது கிடையாது.

அந்தப் பருவத்தில்தான் பார்மகாலஜி தேர்வில், அட்டெனலாலைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், இதயத்துக்கும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண். அம்மா போட்டுவந்த மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகை. அதை வெட்டக் கூடாது, நசுக்கக் கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். "சாப்பிட்டதும் வயிற்றைப் புரட்டுகிறது" என்று அம்மா சொன்னபோது, வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியவள் நான்.

இவ்வளவுக்கும் நான் கேட்ட கேள்வியும் டாக்டர் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: சாப்பிடுகிறீர்களா? வாங்க முடிகிறதா என்று எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மருந்தைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அம்மா பிழைத்துவிட்டார். இடது கையில் இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்காது. இலையைப் பிடித்துச் சுருட்ட முடியாது. பீடியை அத்தோடு விட்டுவிட்டார்.

இப்போது மருந்து விலையைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். கடைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் சில உண்டு.

எங்கள் அலமாரியில் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் என்ற ஒரே ரத்த அழுத்த மருந்து பல பெயர்களில் இருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் அட்டையில் ஒரு மாத்திரை ஏழு ரூபாய் அளவில் வரும். மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்தில் இதே மருந்து, இதே 40 மில்லிகிராம், ஒரு மாத்திரை ஒன்றரை ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாதம் முப்பது மாத்திரைக்கு ஒரு பக்கம் 210 ரூபாய், மறுபக்கம் 45 ரூபாய்கூட ஆகாது. பீடி சுற்றும் வீட்டில் அந்த வித்தியாசம் ஒரு வாரத்துப் பாலுக்குச் சமம்.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று தயாரித்தவர், இன்னொன்று விற்பனைக்குக் கொண்டுவந்தவர். பல அட்டைகளில் இரண்டும் வேறு வேறு. நம் வாயில் புழங்கும் பெரிய பெயர் விற்பனை செய்பவருடையதாக இருக்கும். தயாரிப்பு இமாசலப் பிரதேசத்தின் பத்தி என்ற ஊரிலோ, உத்தராகண்டின் ஹரித்வாரிலோ, சிக்கிமிலோ உள்ள ஒரு தொழிற்சாலையில் நடந்திருக்கும். அதே தொழிற்சாலை வேறு சில நிறுவனங்களுக்கும் அதே மருந்தைத் தயாரித்துக் கொடுக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிய நேரத்தில் கடையில் ஆள் இல்லாதபோது இந்தப் பொடி எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பேன்.

அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தவில்லையா என்று கேட்பார்கள். கட்டுப்படுத்துகிறது. 2013-இல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. 2022-இல் திருத்திய பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அந்த உச்சவரம்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள நிறுவனங்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன்மேல் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். மாத்திரை செய்ய எவ்வளவு செலவாயிற்று என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. 1995-இன் பழைய ஆணை 74 மூல மருந்துகளுக்கு உற்பத்திச் செலவை வைத்து விலை போட்டது. அதை விட்டுவிட்டுச் சந்தை விலையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். அதிக விலைக்கு விற்பவரின் விலையும் சராசரிக்குள் வந்துவிடுகிறது. இது நோயாளியின் பக்கம் நின்று போட்ட கணக்காக எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் இல்லாத மருந்துக்கு நிறுவனம் வருஷத்துக்குப் பத்து சதவீதம் வரை விலையை ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் பலவும் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கூட்டு மாத்திரைதான் அதிகம். ஒரே மாத்திரையாக இருந்தால் மறக்காமல் போடுவார்கள் என்று டாக்டர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வாங்க முடியாத ஒரே மாத்திரையைவிட வாங்க முடிகிற இரண்டு மாத்திரை மேல்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் சளி, காய்ச்சல், அலர்ஜி மாத்திரைகளுக்கு ஏஜென்சியிலிருந்து வரும் பில்லை ஒருநாள் பார்த்தேன். பத்து மாத்திரை அட்டை ஒன்று கடைக்கு எட்டு ரூபாய்க்கு வந்திருந்தது. அதில் அச்சடித்திருந்த விலை 45. கடைக்காரர் அச்சிட்ட விலைக்குத்தான் விற்றார். சட்டப்படி அதில் தவறு கிடையாது. வாங்கியவர் ஒரு கொத்தனார். "பத்து சதவீதம் தள்ளுபடி உண்டா அக்கா?" என்று கேட்டார். நாலரை ரூபாய் குறைத்துக் கொடுத்தோம். அவர் சந்தோஷமாகப் போனார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, மலிவானதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று என் மதினி கேட்டார். முடியாது. டாக்டர் ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக அதே மருந்து உள்ள வேறொன்றைக்கூட நாங்களாக மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகள் சொல்கின்றன. டாக்டர் மருந்தின் பெயரை மட்டும் எழுதினால்தான் என் கை அவிழும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் ஜெனரிக் பெயரில்தான், அதாவது நிறுவனம் வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே எழுத வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்தது. அதே மாதத்திலேயே அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று கடையில் எல்லாரும் பேசினார்கள். அடுத்த வாரம் ஒருவரும் பேசவில்லை.

டாக்டர்கள் சொல்லும் தயக்கத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். எல்லா மலிவு மருந்தும் ஒரே தரத்தில் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மருந்து ஆய்வாளர்கள் மாதிரி எடுத்துச் சோதிப்பதை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும். ஆனால் தரம் தவறிய மருந்துகளின் பட்டியலில் விலை கூடிய மருந்துகளும் வருகின்றன. விலையைப் பார்த்துத் தரத்தைத் தீர்மானிக்க முடிந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நான் இப்போது குடியிருக்கும் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு, மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை செய்யும் ஒரு தன்னார்வலர் வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். நடக்க முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி. அந்த அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள்: தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று குறித்திருக்கும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தி, மாநிலம் முழுமைக்கும் சேர்த்து, மருந்தின் பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்க ஆரம்பித்தார்கள். வேறு மாநிலங்களும் வந்து பார்த்து அந்த முறையைக் கற்றுக்கொண்டு போயின. மருந்தின் பெயரில் வாங்கினால் என்ன விலைக்கு வாங்கலாம் என்பதற்கு முப்பது வருஷமாக நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது.

பிறகு ஏன் சனிக்கிழமைதோறும் நாலு மாத்திரைக்கு வருகிறார்கள்? இதைச் சிலர் குற்றம் சொல்லும் தொனியில் கேட்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் காலையில் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பீடி சுற்றுகிறவருக்கு அரைநாள் போனால் அரைநாள் கூலி போயிற்று. சுற்றித் தர வேண்டிய பீடிக் கணக்கு குறைந்தால் வாரக் கடைசியில் அதற்குப் பதில் வேறு சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கும் தனியார் டாக்டரிடம் போனால் அந்தக் கூலி மிஞ்சும். அவர் எழுதும் கூட்டு மாத்திரையை அதே வடிவில் அரசு ஆஸ்பத்திரியில் எதிர்பார்க்க முடியாது. ஆக, டாக்டர் கட்டணம் கொடுத்து, விலை கூடிய மாத்திரையை வாங்கி, அதைப் பாதியாக வெட்டுகிறார்கள். அவர்கள் போட்ட கணக்கு ஒவ்வொரு படியிலும் சரியாகத்தான் இருக்கிறது. கடைசியில் மட்டும் தப்பாகிவிடுகிறது.

2025 பிப்ரவரி 24-ஆம் தேதி மாநிலம் முழுக்க மலிவு மருந்துக்கென்று 'முதல்வர் மருந்தகம்' என்ற பெயரில் ஆயிரம் கடைகளைத் திறந்தார்கள். மக்கள் மருந்தகம் 2008-லிருந்தே இருக்கும் மத்திய அரசுத் திட்டம். இந்த இரண்டு வகைக் கடைகளுக்கும் என் வாடிக்கையாளர்களை நானே அனுப்புகிறேன். கடை முதலாளி அண்ணாச்சிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "நீ சம்பளம் வாங்குவது எந்தக் கடையில்?" என்று கேட்டார். நான் அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து அவரே ஜெனரிக் மருந்துக்கென்று ஓர் அலமாரியை ஒதுக்கினார். மாத வருமானத்தில் அது பெரிதாக ஒன்றும் சேர்க்காது என்று அவருக்கும் தெரியும்.

மலிவு மருந்துக்கு மாறும்போது நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் கண்முன் நடந்தது. ஒரு அண்ணாச்சி, எழுபது வயது, நெசவு செய்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார். மாத்திரையை நிறத்தில்தான் வைத்திருந்தார்: காலையில் ரோஸ், இரவு மஞ்சள். டாக்டர் ஜெனரிக் பெயரில் எழுதிக் கொடுத்து, மகள் வேறு ஊரில் வாங்கி அனுப்பிய சர்க்கரை மாத்திரை வெள்ளையாக இருந்தது. அவர் அதைப் புதிய மாத்திரை என்று நினைத்து, பழைய ரோஸ் மாத்திரையோடு சேர்த்தே போட்டிருக்கிறார். இரண்டிலும் சர்க்கரையைக் குறைக்கும் அதே கிளைமிபிரைடு. மூன்றாம் நாள் எங்கள் கடை வாசலிலேயே வேர்த்து ஊற்றி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை கரைத்துக் கொடுத்து நிமிர்த்தினோம். இதனால் மலிவு மருந்து கெட்டது என்று ஆகிவிடாது. மாற்றும்போது பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது போய் இது வந்திருக்கிறது, பழையதை இனித் தொடக் கூடாது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் இப்போது பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, கையோடு வாங்கி வைத்துக்கொள்கிறேன். உறையின்மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன்.

விலை இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எம்பாகிளிஃப்ளோசின் போடுகிறார். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சேர்த்து எழுதியது. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் இருந்தது. ஓய்வூதியம் வரும் நாளில் வந்து முப்பது மாத்திரைக்கு 1,800 ரூபாயை எண்ணி வைப்பார். 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை, அதாவது ஒரே நிறுவனத்துக்கு மட்டும் இருந்த உரிமை, முடிந்தது. அடுத்த மாதம் அவர் வந்தபோது பல நிறுவனங்களின் அட்டைகள் வந்துவிட்டன, ஒரு மாத்திரை பத்து ரூபாய் அளவில். டாக்டரிடம் கேட்டு மாற்றி எழுதி வாங்கி வந்தார். மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியானால் இவ்வளவு நாள் நான் எதற்குக் கொடுத்தேன் அம்மா?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஒரு மாணவன் சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்.

சொன்னேன். 1959-இல் நீதிபதி ராஜகோபால அய்யங்கார் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அது வைத்தது. வேறு முறையில் அதே மருந்தை நம் நிறுவனங்கள் செய்தன. உலகத்துக்கே மலிவு மருந்து அனுப்பும் நாடாக நாம் ஆனது அப்படித்தான். உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை திரும்ப வந்தது. அதற்குப் பிறகும் சட்டத்தில் வழி இருக்கிறது: சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு மாதம் 2,80,000 ரூபாய் ஆனது; 2012-இல் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுத்து, இந்திய நிறுவனம் ஒன்று 8,880 ரூபாய்க்கு அதை விற்கலாம் என்று உத்தரவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வழியில் இன்னும் எத்தனை பேர் போனார்கள்?" என்று கேட்டார். மருந்துக்கு அப்படி உரிமம் கொடுத்தது அந்த ஒரு தடவைதான் என்றேன். வகுப்பில் தவறான பதில் கேட்டவர் போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

2025 செப்டம்பர் 22-லிருந்து பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நூறு ரூபாய் அட்டைக்கு ஆறு ரூபாய் போலக் குறையும். நல்லதுதான். நாலு மாத்திரை வாங்குபவரை அது ஐந்து மாத்திரை வாங்க வைக்காது.

இதையெல்லாம் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன சனிக்கிழமை வந்த ஒரு ஆச்சி. பாப்பாக்குடிப் பக்கம். வயது அறுபத்தைந்து இருக்கும், இன்னும் பீடி சுற்றுகிறார். ஆள்காட்டி விரல் நுனி பழுத்த இலை நிறத்தில் இருக்கிறது. கூட்டு மாத்திரை, ஒன்று பன்னிரண்டு ரூபாய். நாலு கேட்டார். கத்தரியை எடுப்பதற்கு முன்னால் கேட்டேன்:

"ஆச்சி, தினமும் போடுகிறீர்களா?"

"போடுகிறேனே."

"ஒருநாள் விட்டு ஒருநாளா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் பிடிக்காதா தாயி? டாக்டர் கேட்டபோது தினமும் போடுகிறேன் என்றுதான் சொன்னேன். வைவார் இல்லையா?"

"வாங்க முடியவில்லை என்று சொன்னீர்களா?"

"அதை எப்படிச் சொல்வது? அவர் அதைக் கேட்கவில்லையே."

ஆஸ்பத்திரியில் அன்று அம்மா தலையை ஆட்டியதுதான் நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்திருக்கும், இப்போதுதான் புரிகிறது. மருந்து வாங்கக் காசில்லை என்று சொல்வது, சோற்றுக்கு இல்லை என்று சொல்வதைவிடக் கூச்சமான விஷயம் நம் பக்கத்தில். சோற்றுக்கு இல்லை என்றால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு தாளை எடுத்து டாக்டருக்கு நாலு வரி எழுதினேன். இந்த அம்மா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார், செலவுதான் காரணம், ஆகவே சென்ற முறை அழுத்தம் கூடியிருந்ததற்கு அளவை ஏற்றும் முன் இதைக் கவனிக்க வேண்டுகிறேன், கூட்டு மாத்திரையிலுள்ள இரண்டு மருந்துகளையும் தனித்தனியாக மருந்தின் பெயரில் எழுதித் தந்தால் மாதம் முழுமைக்கும் அறுபது எழுபது ரூபாய்க்குள் அவரால் வாங்க முடியும் என்று. கீழே என் பெயரும் பதிவு எண்ணும். இதுவரை இப்படிப் பல சீட்டுகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கோபப்பட்டார். கடைக்காரி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றார். இன்னொருவர் மறு சீட்டில் எழுதிக் கொடுத்ததோடு, ஓரத்தில் 'நன்றி' என்று தமிழில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆச்சி தாளை வாங்கி நாலாக மடித்து, வெள்ளித்தாள் துண்டோடு சேர்த்துச் சுருக்குப் பைக்குள் வைத்தார். "இதைக் கொடுத்தால் அவர் வைய மாட்டாரே?" என்று இரண்டு முறை கேட்டார். மாட்டார் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று பஸ் புறப்பட்ட பிறகுதான் தோன்றியது.

அந்த வாரத்துக்கு ஏழு மாத்திரை வெட்டிக் கொடுத்தேன். நாலுக்குத்தான் காசு கொடுத்தார். மீதியை அடுத்த சனிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார். வரும்போது கையில் என்ன சீட்டு இருக்கும் என்று பார்க்க வேண்டும்.